‘கிட்னிக்கு எவ்வளவு தருவாங்க?’ என்று ஒருவர் கேட்டால்

சிங்கப்பூரில் ஊழியர்கள் தங்குகிற டார்மிட்டரியில் இந்தப் பேச்சு பெரும்பாலும் சிரிப்போடுதான் வரும். சம்பளம் போட்ட ராத்திரி, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பார்க்கும்போது, “பேசாம ஒரு கிட்னிய வித்துட்டு ஊரப் பாக்கப் போயிரலாம்ணா” என்று ஒருத்தன் சொல்வான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவனை விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்து, “சும்மாதான் கேக்கறேன், எவ்வளவு தருவாங்க?” என்று விலை கேட்கிறவரைக் கவனியுங்கள். அவர் வீட்டில் யாரோ ஏற்கெனவே ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

எனக்குச் சொந்த ஊர் குமாரபாளையம். காவிரிக்கு அந்தக் கரையில் பவானி. கொஞ்சம் கீழே போனால் பள்ளிபாளையம், அதற்கு எதிரில் ஈரோடு. தறிச் சத்தம் இல்லாத தெரு எங்கள் பக்கம் குறைவு. சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்து, இப்போது சேஃப்டி சூப்பர்வைசர். ஜூரோங் வெஸ்ட்டில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பையன்களுக்கு ஃபார்ம் நிரப்பித் தருவது, பே ஸ்லிப் சரியா என்று பார்த்துச் சொல்வது, இதெல்லாம் பழக்கமாகிவிட்டது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னி வாங்கிய செய்தி வெளியானபோது இங்கே பலருக்கு அதிர்ச்சி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதிர்ச்சியைவிட, ‘நம்ம தெருவுல யாரு?’ என்ற யோசனைதான் முதலில் வந்தது. அப்போதிலிருந்து என்னிடம் வந்தவர்களிடம் எப்படிப் பேசினேன், எது எடுபட்டது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண்டையிலிருந்து ஒரு கதையை வெளியேற்றுங்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள், கண் விழித்தால் ஐஸ் கட்டித் தொட்டியில் கிடந்தான், இடுப்பில் தையல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது. ஒரு கிட்னியைப் பொருத்த ரத்த வகை பார்க்க வேண்டும், திசுப் பொருத்தம் பார்க்க வேண்டும், கொடுப்பவருக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இல்லையென்று உறுதி செய்ய வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும். பல வாரம் பிடிக்கிற வேலை. அதற்குள் கொடுப்பவர் பலமுறை தன் காலாலேயே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வருவார், கையெழுத்தும் போடுவார். அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக யாரும் வேண்டியதில்லை. அந்த வேலையைக் கடன் செய்துவிடுகிறது. அதனால் நீங்கள் தேட வேண்டியது கத்தி வைத்திருக்கிற ரவுடியை இல்லை, வட்டிக் கணக்கை.

கிட்னியை விட்டுவிட்டுக் கடனைக் கேளுங்கள்

எடுத்த எடுப்பில் “உடம்ப விக்கறதா, அசிங்கமா இல்ல?” என்று கேட்டுவிடாதீர்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்து அவர் உங்களிடம் வரவே மாட்டார், தரகரிடம்தான் போவார். தரகர் யாரையும் திட்டுவதில்லை.

“மொத்தம் எவ்வளவு கடன் தம்பி?” என்று கேளுங்கள். பெரும்பாலும் “அஞ்சு, ஆறு இருக்கும்ணா” என்று ஒரே தொகையாக வரும். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு தாளை எடுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை கட்ட வேண்டும் என்று நான்கு கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், அதுதான் முக்கியம். ஏன் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

போன வருடம் ஒரு தம்பி வந்தான். அம்மா கிட்னி கொடுக்கப் போவதாகப் பேச்சு, ரத்தப் பரிசோதனை வரைக்கும் போயாகிவிட்டது. விலை 5 லட்சம். டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். இவன் சிங்கப்பூர் வர ஏஜெண்ட், ஸ்கில் டெஸ்ட் சென்டர், டிக்கெட் எல்லாம் சேர்த்து 4 லட்சம். அதில் இரண்டரை லட்சம் வெளியில் 3 வட்டிக்கு வாங்கியது, ஒன்றரை லட்சம் அம்மா, அக்கா நகையை பேங்கில் வைத்தது. அப்பா தறிப்பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம், எங்கள் பேச்சில் ‘பாக்கி’, 60,000. அம்மா பெயரில் இரண்டு குழுக் கடன், மிச்சம் 80,000. கூட்டினால் 5,40,000.

கடன் 5,40,000, கிட்னிக்குச் சொன்ன விலை 5 லட்சம். அந்த விலையைப் பேசிய அக்கா, அம்மாவின் அதே மகளிர் குழுவில் இருப்பவர். வீட்டில் எவ்வளவு கடன் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். கடனைப் பார்த்துத்தான் கிட்னிக்கு விலை வைக்கிறார்கள். சந்தையில் கிட்னிக்கு என்று ஒரு விலை இருப்பதாக நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இதை முதலில் காட்டுங்கள்.

அப்புறம் கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். 3 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். இரண்டரை லட்சத்துக்கு மாதம் 7,500. குழுக் கடன் இரண்டுக்கும் சேர்த்துச் செவ்வாய்க்கிழமை தோறும் 2,050. நகைக்கு வட்டியை வருடக் கடைசியில் கட்டினால் போதும். பாக்கிக்கு வட்டியே கிடையாது. இவன் அனுப்புவது மாதம் ஏறக்குறைய 29,000. கணக்குப்படி பார்த்தால் இடிக்கும், ஆனால் ஓடும். ஏன் ஓடவில்லை? இவன் கம்பெனியில் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதி வரும். மொத்தத்தையும் ஒரே தடவையாக அனுப்பிவிடுவான். முதல் இரண்டு செவ்வாய் தாண்டும். மூன்றாவது செவ்வாய்க்குக் கையில் இருக்காது. குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவர் பொழுது சாய்கிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருப்பார், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கத்துவார்கள். அந்தப் பேச்சைத் தாங்காமல்தான் அந்த அம்மா ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். மொத்தக் கடனைப் பார்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல், ஆனால் அவரை வீட்டைவிட்டுக் கிளப்பியது அந்த 2,050 ரூபாய்.

அதற்குச் செய்தது சின்ன வேலைதான். பணத்தை மாதம் இரண்டு தடவையாக அனுப்பச் சொன்னேன். அந்த மாத ஓவர்டைம் பணத்தில் 8,200 ரூபாயைத் தனியாக அம்மாவின் அஞ்சலகக் கணக்கில் போட்டு, நான்கு செவ்வாய்க்கு முன்கூட்டியே கையிருப்பு வைத்தோம். குழுக் கடன் பத்து மாதத்துக்குள் முடிகிற கடன். அது முடிந்ததும் மாதாமாதம் மிச்சமாகிற அந்த 8,000 சொச்சத்தை அப்படியே 3 வட்டிக் கடனின் அசலில் போடச் சொன்னேன். முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

வெளிவட்டிக்காரரிடம் பணம் கட்டும்போது கையில் கொடுக்காமல் ஜிபேயில் கட்டச் சொல்லுங்கள். கட்டியதற்கு ஆதாரம் இருக்கும். புரோ நோட்டில் தொகை எழுதாமல் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் தாளில் குறியுங்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வசூல் என்ற பெயரில் மிரட்டுவதற்கு எதிராக 2025-இல் தனியாக இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. அதற்காக உடனே போலீஸுக்கு ஓட வேண்டும் என்றில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இந்தியாவுக்குள் 15100 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். வக்கீல் ஒரு நோட்டீஸ் அனுப்பினாலே பல வட்டிக்காரர்கள் அசலுக்கு இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டுக் கதவை மட்டும் ஏன் தட்டுகிறார்கள்

பாக்கியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: தறிப்பட்டறை முதலாளி ஆள் சேரும்போது கொடுக்கிற முன்பணம்தான் பாக்கி. வட்டி கிடையாது. ஆனால் பாக்கியைக் கட்டாமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போனால் புது முதலாளி அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார், தொகை அங்கே தொடரும். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றுக்கும் அது ஏறும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்தாலும் வார சம்பளத்தில் அது இறங்கவே இறங்காது. முன்பணத்துக்காக ஒருவரைக் கட்டாயமாகப் பிடித்து வைத்தால் 1976-ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. இதை எங்கள் ஊரில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

பாகிஸ்தானின் பஞ்சாபில் செங்கல் சூளைகளில் இதே ஏற்பாட்டுக்குப் பேஷ்கி என்று பெயர். அங்கேயும் கிட்னி விற்றவர்களில் பெரும்பகுதி அந்த முன்பணத்தில் மாட்டியவர்கள்தான். பாகிஸ்தான் 2007-இல் அவசரச் சட்டம் போட்டு இதைத் தடை செய்ய வேண்டி வந்தது. மணிலாவில் பாசெகோ குடிசைப் பகுதி, நேபாளத்தில் ஹோக்சே கிராமம், வங்காளதேசத்தில் ஜெய்ப்பூர்ஹாட் மாவட்டத்துக் காலாய், எங்கே எடுத்தாலும் ஒரே மாதிரி வீடுகள்தான். தினக்கூலி, நோய் வந்தால் சம்பளமில்லை, பேங்க் கதவு திறக்காது, திறக்கிற ஒரே கதவு வட்டிக்கடை.

1990-களிலேயே சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று கெட்ட பெயர். பேரிடரும் இதில் ஒரு பங்கு: 2004 சுனாமிக்குப் பிறகு வடசென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களில் பெண்கள் கிட்னி விற்ற செய்தி 2007 ஜனவரியில் வெளியானது. படகு போனது, வலை போனது, கடன் மட்டும் கடலோடு போகவில்லை.

ஏன் அம்மாக்கள், மனைவிகள்? வீட்டில் சம்பாதிக்கிற ஆம்பளை படுத்துவிடக் கூடாது என்று வீடே முடிவெடுக்கிறது. அவர்களும் வேலைக்குப் போகிறார்கள் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை விசாரித்து 2002-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில் 71 சதவீதம் பெண்கள். அந்த ஆய்வின் மற்ற எண்களும் இங்கே தேவைப்படும், ஏனென்றால் பேச வருகிறவருக்கு உபதேசத்தைவிட எண் பிடிக்கும். 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். சராசரியாகப் பேசிய விலை 1,410 டாலர், கையில் வந்தது 1,070. விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கடனுக்காக விற்றவர்களில் நாலில் மூன்று பேர், சராசரியாக ஆறு வருடம் கழிந்தும், கடனோடுதான் இருந்தார்கள். 79 சதவீதம் பேர் ‘வேறு யாரும் இதைச் செய்ய வேண்டாம்’ என்றார்கள்.

வருமானம் ஏன் குறைந்தது என்று தறிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, அவரே சொல்லிவிடுவார். பாவு பீமை, அதாவது நூல் சுற்றிய கனமான உருளையை, தூக்கி மாட்ட வேண்டும். விலாவில் கிழித்துத் தைத்த உடம்போடு அதைத் தூக்க முடியாது. மூட்டை தூக்குகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர் என்று எல்லோருக்கும் இதே நிலைமைதான்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், வாங்குகிற பக்கத்தில் காத்திருப்பு. இந்தியாவில் இறந்தவர்களிடமிருந்து உறுப்பு தானம் பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட வராத அளவில்தான் இருக்கிறது. தமிழ்நாடு அதில் முன்னணி. 2023-லிருந்து தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடக்கிறது. அப்படியும் போதவில்லை. 1980-களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகு, சொந்தமில்லாத ஆளின் கிட்னியும் உடம்பில் நிற்கும் என்றாகிவிட்டது. அதற்கு முன்பு ஏழையின் கிட்னியை விலைக்கு வாங்கிப் பெரிய பயன் இருந்திருக்காது. ‘சட்டமாக்கிவிட்டால் தரகர் ஒழிவார்’ என்று சிலர் ஈரானைக் காட்டுவார்கள். அங்கே பணம் கொடுத்து வாங்குவது சட்டப்படி நடக்கிறது, வாஸ்தவம்தான். அங்கேயும் பணக்கார வீட்டிலிருந்து ஒருவர் வந்து கொடுப்பதாகத் தெரியவில்லை.

தரகர் பேசும் பேச்சும், சொல்ல வேண்டிய பதிலும்

தரகர் என்றால் கோட்டு சூட்டோடு வருவார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் முன்பு விற்றவர்தான். பேசிய பணம் முழுக்க வராது, “இன்னொரு ஆளைக் கூட்டிவா, உனக்குக் கமிஷன்” என்பார்கள். சிங்கப்பூரிலேயே 2008-இல் நடந்த வழக்கு இதற்குச் சாட்சி. பெரிய கடைத்தொகுதி அதிபர் ஒருவர் கிட்னி வாங்க இடைத்தரகருக்கு 300,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தர ஒப்புக்கொண்டார். மேடானிலிருந்து வந்த இந்தோனேசிய இளைஞருக்குப் பேசியது 15 கோடி ரூப்பியா. அந்த 300,000-இல் பத்தில் ஒரு பங்குகூட வராது. அவரை அழைத்து வந்தவர், சில மாதம் முன்பு தன் கிட்னியை இங்கே விற்ற இன்னொரு இந்தோனேசிய இளைஞர். அறுவை சிகிச்சை நடக்கும் முன்பே பிடிபட்டார்கள். விற்க வந்தவருக்கு 2 வாரச் சிறை, அழைத்து வந்தவருக்கு அதைவிட அதிகம். வாங்க முயன்றவருக்கு 1 நாள் சிறையும் 17,000 வெள்ளி அபராதமும். அந்த 2 வாரத்தையும் 1 நாளையும் நான் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வேன். கேட்கிறவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

“கிட்னி திரும்ப வளர்ந்துரும்” என்பார்கள். ஹோக்சே கிராமத்தில் இப்படிச் சொல்லித்தான் விற்க வைத்தார்கள். வளராது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டினால் வளரும், அந்தக் கதையைத்தான் இங்கே ஒட்டிவிடுகிறார்கள்.

“ஒரு கிட்னி போதும், டாக்டரே சொல்றாரு” என்பது பாதி உண்மை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டம். தங்கைக்கு, கணவருக்குக் கொடுத்துவிட்டு ஆரோக்கியமாக இருப்பவர்கள் நிறைய. ஆனால் அவர்களை நன்றாகப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். விற்றவரை மூன்றாம் நாள் பஸ் ஏற்றிவிட்டால் அத்தோடு சரி.

“எல்லாம் சட்டப்படிதான், கமிட்டியே கையெழுத்துப் போடுது” என்பார்கள். 1994-இல் வந்த இந்திய உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய சொந்தம் அல்லாதவர் ‘பாசத்தின் பேரில்’ கொடுக்கலாம், அதற்கு அங்கீகாரக் குழு ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சந்துக்குள்தான் எல்லாம் நுழைகிறது. போலி ஆதார், போலி ரேஷன் கார்டு, ‘இவங்க எங்க வீட்ல பத்து வருஷமா வேலை பாக்கறாங்க’ என்ற கதை. கொடுப்பவர் அந்த வீட்டுப் பிள்ளைகள் பெயரைக்கூட மனப்பாடம் செய்து ஒப்பிப்பார். உங்களிடம் வந்தவர், “பேரெல்லாம் சொல்லிக்குடுத்தாங்கண்ணா” என்றால் வேறு எதையும் விசாரிக்க வேண்டாம், அது விற்பனைதான். அந்தக் குழுவின் விசாரணை வீடியோவில் பதிவாக வேண்டும் என்பது விதி. வெளியே வர அதுவும் ஒரு வாசல். “பணம் பேசியிருக்காங்க” என்று அங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் மனசு மாற உரிமை உண்டு.

“டெஸ்டுக்கு நாப்பதாயிரம் செலவு பண்ணிட்டோம், இப்ப முடியாதுன்னா கட்டிட்டுப் போ” என்பதுதான் ஆளைக் கடைசியில் மடக்குகிற பேச்சு. பதில்: சட்ட விரோதமான காரியத்துக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது, அந்தப் பணத்தைக் கேட்டு எந்தக் கோர்ட்டுக்கும் அவர் போக முடியாது. இதைத் தைரியமாகச் சொல்லச் சொல்லுங்கள். “போலீஸ்ல சொன்னா நீயும் உள்ள போவ” என்பதில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இந்தியச் சட்டம் விற்கிறவரையும் தண்டிக்கும், 2011 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 வருடம் வரை. அதனால் தனியாக ஸ்டேஷனுக்குப் போகாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலோடு போகச் சொல்லுங்கள்.

இங்கேயே, சிங்கப்பூரிலேயே யாராவது ஒருவரைக் கூட்டிவந்து இதில் இறக்கப் பார்த்தால், 2014-ஆம் ஆண்டின் ஆட்கடத்தல் தடுப்புச் சட்டத்தில் உறுப்பை எடுப்பதும் சுரண்டல் என்றே எழுதியிருக்கிறது. முதல் குற்றத்துக்கே 10 வருடச் சிறை, 100,000 வெள்ளி அபராதம், பிரம்படி வரை போகலாம். புகார் கொடுத்தால் வேலை பெர்மிட் போய்விடும் என்று பையன்கள் பயப்படுவார்கள். தனியே அனுப்பாமல் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ, ஊழியர்களுக்கு உதவுகிற தொண்டு அமைப்புக்கோ கூடவே போங்கள்.

நம் வீட்டிலேயே டயாலிசிஸ் என்றால்

இது இங்கே குடியிருக்கிற நம் ஆட்களுக்கு. சிங்கப்பூரில் புதிதாகக் கிட்னி செயலிழப்பவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குக் காரணம் சர்க்கரை. நம் வீடுகளில் அது யாருக்கு இல்லை? வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிற அண்ணனைப் பார்க்கும்போது, கல்யாண வீட்டில் யாராவது ஒரு மாமா காதோடு சொல்வார்: “ஊர்ல ஆள் இருக்கு, பத்துப் பதினஞ்சு லட்சத்துல முடிச்சிரலாம்.” மாமா கெட்டவர் இல்லை. அவரிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள்: வாங்குகிறவர் வெளிநாட்டுக் குடிமகன், கொடுக்கிறவர் இந்தியர் என்றால், இருவரும் நெருங்கிய சொந்தமாக இருந்தால் ஒழிய இந்தியாவில் அனுமதியே கிடையாது. நெருங்கிய சொந்தம் என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். அத்தை மகனும் சித்தப்பா மகளும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக மாமா சொல்லும் ‘ஆள்’ பொய்க் காகிதத்தில்தான் வர முடியும். அப்படி வாங்கிவந்தவர்களுக்குத் தொற்று அதிகம் வருவதைப் பல நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். திரும்பி வந்தால் இங்கே உள்ள டாக்டர் கையில் ஒழுங்கான ரிப்போர்ட்கூட இருக்காது.

நேர்வழி மெதுவானது, ஆனால் பலர் நினைப்பதைவிட அகலமானது. சிங்கப்பூரில் 1987-இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத 21 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோரும் இறந்த பிறகு கொடையாளர்கள்தான். அப்படியும் காத்திருப்பு ஏறக்குறைய 9 வருடம். எனவே வீட்டுக்குள்ளேயே முதலில் பேசுங்கள். ரத்த வகை ஒத்துவரவில்லை என்று மனைவி ஒதுங்கிவிடுவார், அப்படி உடனே விட்டுவிட வேண்டாம். வகை மாறினாலும் பொருத்துகிற சிகிச்சை இங்கே உண்டு. இரண்டு குடும்பங்கள் மாற்றிக் கொடுத்துக்கொள்வதற்கும் 2009 திருத்தம் வழி செய்திருக்கிறது. கொடுப்பவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் போன்றவற்றை நியாயமான அளவில் ஈடு செய்யலாம், அது விலை ஆகாது. கையில் இல்லாதவர்களுக்குத் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் உயிருள்ள கொடையாளர்களுக்கென்றே உதவி நிதி இருக்கிறது.

உயிருள்ளவர் கொடுத்தால் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு எழுத்து மூலம் அனுமதிக்க வேண்டும். குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத மருத்துவர், ஒருவர் மருத்துவத்துறையிலேயே இல்லாதவர். கொடுப்பவருக்குத் தமிழ்தான் வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்யும். வீட்டு ஆள் போய் மொழிபெயர்க்கக் கூடாது. மருமகள் ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று சொன்னதை மாமியார் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஏற்கெனவே விற்றுவிட்டார் என்றால்

திட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை. உடம்பைப் பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும் ஒரு கிட்னிதான் இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். தழும்புக்கு வேறு கதை கட்டினால் மருந்து தப்பாகிவிடும்.

உடம்பு வலி மாத்திரைதான் பெரிய ஆபத்து. சைட்டிலும் தறியிலும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் என்று மிட்டாய் மாதிரி போடுகிறோம், கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கிட்னிக்காரர் அதைத் தொடக் கூடாது. வலித்தால் டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால். வெயிலில் வேலை என்றால் தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். சூப்பர்வைசராக இருப்பவர்கள், காரணம் கேட்காமல் அவரை நிழல் வேலைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

அப்புறம், தரகரின் நம்பரை அவர் போனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மிச்சப் பணம் வரும் என்று அதை வைத்திருப்பார். வராது. அந்த நம்பரிலிருந்து அடுத்து வரும் அழைப்பு, ‘உனக்குத் தெரிஞ்ச ஆள் யாராச்சும் இருக்காங்களா?’ என்று கேட்கத்தான். அழிப்பதற்கு முன்பு, அவருக்குச் சம்மதம் என்றால், எண்ணையும் பணம் வந்த தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வக்கீலிடம் கொடுத்து வையுங்கள்.